குமாரி மஞ்சரியின் அண்ணன்

1962 ஜனவரி 22, திங்கள்

சிங்காநல்லூருக்கு வந்து சேர்ந்தோம். மில் விருந்தினர் விடுதியில் ஒரு அறையும் அதற்கு முன்னால் ஒரு வராந்தாவும் ஒதுக்கியிருக்கிறார்கள். அறை எனக்கு. வராந்தா அண்ணனுக்கு.

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் அங்குராஜ். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாதாம். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன். ஆர்மோனியம் வாசிப்பார், தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார். ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஊரில் நாடகம் நின்றுபோனது. ‘கூட வந்திருக்கிறவர் புருஷன் என்று தெரிந்த பிறகு காதல் வசனம் வாயில் வரமாட்டேன் என்கிறது’ என்று என்னைக் கூப்பிட்டிருந்த நாடக மன்றத்துக் கதாநாயகன் அழுதான். மறுவாரமே நான் குமாரி மஞ்சரி ஆனேன், இவர் அண்ணன் ஆனார். என் சொந்தப் பெயர் பேச்சியம்மாள். அந்தப் பெயரில் எவனும் நாடகத்துக்குக் கூப்பிடமாட்டான்.

தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்த அன்று இவர் அழுவார் என்று நினைத்தேன். “பத்திரமா வையி, பூட்டு சரியில்ல” என்றார்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி மில் ஆண்டு விழா. நாடகம் ‘இரட்டை மாலை’. இதில் நான் நூற்றிநாற்பது தடவை நடித்திருக்கிறேன். மனைவி மனோரஞ்சிதம் அழகில்லை என்று அவளைத் தாய் வீட்டுக்குத் துரத்துகிறான் சந்திரகுமாரன் என்ற ராஜா. அவள் நாட்டியக்காரி வேஷத்தில் வசந்தி என்ற பெயரோடு திரும்பி வருகிறாள். பெண்டாட்டியின் முகமே தெரியாத அந்த மடையன் அவள் மேல் உயிரையே விடுகிறான். ‘எனக்குக் கல்யாணமே ஆகவில்லை’ என்று அவளிடமே சத்தியம் செய்கிறான். கடைசியில் அவள் முக்காட்டை விலக்க, அவன் இரண்டாம் முறையாக அவளுக்கே மாலை போடுகிறான். சுபம். இப்படிப்பட்டவனைத் திரும்பக் கட்டிக்கொள்ள இவ்வளவு சாமர்த்தியம் எதற்கு என்று இதுவரை எந்த ஊரிலும் ஒருவரும் கேட்டதில்லை.

ஜனவரி 24, புதன்

முதல் ஒத்திகை. மில் நாடக மன்றச் செயலாளர் பாலகுருசாமி வரவேற்றுப் பேசினார். முக்கால் மணி நேரம். பேச்சில் என்னைப் பற்றி இரண்டு வரி, மீதியெல்லாம் அவர் குரல்வளத்தைப் பற்றி.

கதாநாயகன் வீவிங் மாஸ்டர் திருமூர்த்தி. நாற்பது வயது, பெண்டாட்டி இறந்து ஐந்து வருடமாம். ஆள் உயரம். அதைத் தவிர நாடகத்துக்கு வேண்டியது ஒன்றும் அவரிடம் இல்லை. “வசந்தி, உன்னைக் காணாத கண்ணும் ஒரு கண்ணா?” என்ற வசனத்தை, தறி எத்தனை ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று முதலாளிக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “தப்புங்களா?” என்றார்.

“தப்பில்ல மாஸ்டர். கொஞ்சம் காதல் சேத்துச் சொன்னா நல்லாருக்கும்.”

“எவ்வளவு சேக்கட்டுங்க?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார்! முப்பது ஊர்க் கதாநாயகன்களைப் பார்த்துவிட்டேன். வழிகிறவன், பல்லைக் காட்டுகிறவன், வசனத்தை மறந்தது போல நடித்துக் கையை விடாதவன். இப்படி ஒரு மரக்கட்டையைப் பார்த்ததில்லை.

ஜனவரி 27, சனி

மூன்றாம் காட்சியில் சந்திரகுமாரன் வசந்தியின் கையைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் பிடிக்கவில்லை. கையை நீட்டுவார், பாதியில் நிறுத்துவார். மூன்று தடவை இப்படியே ஆயிற்று. செயலாளர் கத்தினார். மாஸ்டர் என் பக்கம் குனிந்து, “புடிக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

“புத்தகத்துல அப்படித்தான எழுதியிருக்கு?”

“புத்தகத்துல எழுதுனவரு உங்களக் கேக்கலீங்களே.”

மடத்தனம். மேடையில் கையைப் பிடிக்க ஒருவன் அனுமதி கேட்பானா? சரி என்றேன். பிடித்தார். நூல் அறுந்துவிடுமோ என்று பயந்து பிடிப்பது போலப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் காய்த்திருக்கிறது. இடது கைக் கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டு. மேஸ்திரியாக இருந்தபோது தறியில் விரலைக் கொடுத்துவிட்டாராம். எண்ணெய் வாசனை வராமல் இருக்கத் துணி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறாராம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். இரண்டு மூன்று மட்டும் நான் கேட்டிருப்பேன்.

எப்படிப்பட்ட ஆள்களோடெல்லாம் நடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 30, செவ்வாய்

ஒத்திகை இல்லை. தலைக்குக் குளித்தேன். மாஸ்டருக்கு மாலை ஷிப்டாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

இவர் வெளியே போய்விட்டு வந்தவர், வராந்தாவில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “ஏ பேச்சி, ஒனக்கு மாப்பிள்ள வந்துருக்குடி.”

“என்னய்யா உளர்ற?”

“மாஸ்டரு எங்கிட்டப் பொண்ணு கேக்குறாரு. ‘உங்க தங்கச்சிய முறைப்படி கட்டிக்கணும்னு ஆசைப்படறேனுங்க, நீங்க பெரியவங்க, யோசிச்சுச் சொல்லுங்க’ன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நாங் கண்ண மூடி ரெண்டு நிமிசம் யோசிச்சேன் பாரு, நாடகக் கம்பெனிக் காலத்துல கூட அம்புட்டு நல்லா நடிச்சதில்ல.”

நானும் சிரித்தேன். ஊமைக்காதல் வளர்க்கிறான் பார், அதுவும் நாடகக்காரி மேல், என்றேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

“என்ன சொன்னே?”

“தங்கச்சியக் கேட்டுச் சொல்றேன்னேன். இப்ப மாட்டேன்னு சொன்னா மனுசன் ஒடஞ்சு போவாரு, நாடகம் படுத்துரும். பதினெட்டாந் தேதி முடியட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. விடுதிச் சமையல்காரன் எல்லாவற்றிலும் தேங்காயை அரைத்து ஊற்றுகிறான்.

பிப்ரவரி 5, திங்கள்

மாஸ்டர் இன்று நேரிலேயே பேசிவிட்டார். ஒத்திகைக்கு மற்றவர்கள் வருவதற்குள் வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

“அண்ணங்கிட்டப் பேசுனேனுங்க. சொன்னாருங்களா?”

“சொன்னாரு.”

“எனக்கு நடிக்க வராதுங்க. அதனாலதான் நேராக் கேட்டுப்போட்டேன். உங்களுக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிருங்க. நாடகத்துல ஒரு கொறையும் வராது. அதுக்கு நான் பொறுப்பு.”

நாடகம் படுத்துவிடும் என்று இவர் சொன்ன காரணம் அந்த நிமிடமே செத்துப்போனது. ‘எனக்கு இஷ்டமில்லை மாஸ்டர்’ என்று மூன்று வார்த்தை. இதைவிட நீளமான வசனமெல்லாம் தூக்கத்தில் சொல்லுவேன்.

“பதினெட்டு முடியட்டும், சொல்றேன்” என்றேன்.

இவர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். அதனால்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

மரக்கட்டை பேச ஆரம்பித்துவிட்டது. “உன்னைக் காணாத கண்ணும் ஒரு கண்ணா” என்று இன்று அவர் சொன்னபோது, எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் தபலாக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டார். செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தம்முடைய பயிற்சியாம். இதில் பயிற்சியும் இல்லை, நடிப்பும் இல்லை. ஏமாந்துகொண்டிருக்கும் மனிதன் ஒருவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான், அவ்வளவுதான். இதற்குப் போய்க் கைதட்டுகிறார்கள்.

நான்காம் காட்சிப் பாட்டில் இவர் ஆர்மோனியத்தில் சுருதியை மாற்றிப் பிடித்தார். ஆறு வருடத்தில் நடக்காதது. ஏன் என்று கேட்டேன்.

“நீ எதுக்கு அழுதே?” என்றார்.

“அந்த எடத்துல அழணும்யா. வசந்தி அழணும்.”

“நூத்திநாப்பது தடவ அந்த எடத்துல நீ முந்தானையத்தேன் கண்ணுல வச்சிருக்கே. தண்ணி வந்ததில்ல.”

வாசிக்கிற கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுருதி எப்படி நிற்கும்?

பிப்ரவரி 11, ஞாயிறு

மாஸ்டர் வீட்டில் மதியச் சாப்பாடு. எனக்கு இஷ்டமில்லை. ‘கூப்பிட்டா போகணும்டி’ என்று இவர் இழுத்துக்கொண்டு போனார். மில் குடியிருப்பில் ஓட்டு வீடு. சுத்தமாகத்தான் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்வது அக்கா நாச்சாத்தாள். மாஸ்டரை வளர்த்ததும் அவர்தானாம். கோழிக்குழம்பு வைத்திருந்தார். மாஸ்டர் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார், தான் உட்காரவில்லை. இவர் பெண் வீட்டுக்காரன் தோரணையில் காலை நீட்டிக்கொண்டு, தங்கச்சியைச் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்த கதையை அவிழ்த்துவிட்டார். என்னைவிட இவருக்கு மூன்று வயதுதான் கூட.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது அக்கா கூடவே வந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றினார். குரலை உயர்த்தவில்லை.

“ஏங் கண்ணு, நீயும் அந்தத் தம்பியும் ஒரு வயித்துப் பிள்ளைகதானா?”

“ஆமாங்க.”

“உன்ற எலையில நீ ஒதுக்கி வெச்ச ஈரல எடுத்து அந்தத் தம்பி வாயில போட்டுக்கிச்சு. நீயும் பாக்கக்கூட இல்ல. கூடப் பொறந்தவன் கல்யாணத்துக்கு நிக்கற தங்கச்சியோட எலையில கை வெக்கமாட்டான், கண்ணு.”

கழுவின கையையே திரும்பக் கழுவினேன்.

“வயித்துப்பாடு ஆயிரம் இருக்கும். நாங் கேக்கல” என்றார் அக்கா. “ஆனா என்ற தம்பி ரெண்டு நாளாப் பாட்டுப் பாடறான். அஞ்சு வருசமா இந்த வூட்ல பாட்டுச் சத்தமே இல்ல. நீயே அவங்கிட்டச் சொல்லிப்போடு.”

தலையாட்டிவிட்டு வந்தேன். முறைத்திருக்க வேண்டும். அடுத்தவர் இலையைப் பார்த்துக்கொண்டு பரிமாறுகிற கிழவி!

திரும்பி வரும்போது இவர் கையில் ஒரு சீப்புப் பழம். “பாத்தியா மரியாதைய?” என்றார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டே, “நாந்தான் சரின்னு சொல்லிட்டேனே” என்றார்.

“எதுக்குச் சரி?”

“கல்யாணத்துக்கு. போன வெள்ளிக்கிழமயே வாக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம போனது சும்மா சாப்பிடவா?”

ஆக, கட்டின புருஷனே கூட்டிக்கொண்டு போய் என்னைப் பெண் பார்க்க உட்கார வைத்திருக்கிறான். நான் கோழிக்குழம்பு தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

“ஏன்யா?”

“மில்லுல டைம்கீப்பர் வேல போட்டுத் தாரேன்னாரு. நான் கேக்கல, அவராத்தான் சொன்னாரு. எத்தன நாளைக்குத்தான் வராந்தாவுல படுக்குறது, பேச்சி? ஊரு ஊரா எவனெவனோ ஓங் கையப் புடிக்கிறதுக்கு நான் பாட்டு வாசிக்கிறது?”

“வேலைக்காகப் பொண்டாட்டியக் குடுப்பியா?”

மடித்த வேட்டியைப் பிரித்து மறுபடி மடித்தார். “வேலைக்காக இல்ல. நெசமாச் சொல்லு, ஒனக்கு அங்கிட்டுத்தான மனசு போயிருச்சு? எனக்குத் தெரியும்டி. ஒவ்வொரு வரியையும் நாந்தான எடுத்துக் குடுக்கிறேன். எந்த வரியில மூச்ச இழுப்பே, எங்க விடுவேன்னு எனக்குத் தெரியாதா? அவரு நல்ல மனுசன். நீ போறதா இருந்தாப் போ. நான் அண்ணனாவே இருந்துட்டுப் போறேன். பழகிருச்சு.”

தண்ணீர்ச் செம்பை எடுத்து எறிந்தேன். தோளில் பட்டுக் கீழே விழுந்து நசுங்கியது. மில் சொத்து. இவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் நெளிவு எடுக்கப் பார்த்தார்.

இதைவிடக் கேவலமான ஆண்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான். சண்டை போடத் தெரியவில்லை. அடிக்கத் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கிறானாம். என்னை யார் கேட்டார்கள்? எனக்கு அங்கே ஒரு மனதும் போகவில்லை. அந்த மனிதருக்குப் பிச்சிப்பூ வாசனை பிடிக்கும் என்று அக்கா சொன்னார். நான் நேற்று பிச்சிப்பூ வைத்தது கடையில் மல்லிகை இல்லாததால்.

பிப்ரவரி 14, புதன்

இவரோடு பேசவில்லை. புடவைகளைத் துவைத்துப் போட்டேன். மேடைப் புடவையில் ஜரிகை பிரிந்திருந்ததைத் தைத்தேன். மாஸ்டர் ஒத்திகையில் இன்னும் நன்றாகச் செய்தார். சகிக்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

முழு வேஷத்தோடு கடைசி ஒத்திகை. முடிந்ததும் மாஸ்டரை அரங்குக்குப் பின்னால், படுதாச் சுருள்கள் கிடக்கும் இடத்துக்குக் கூப்பிட்டேன். ராஜா வேஷத்தில் வந்தார். ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியது.

“மாஸ்டர், அங்குராஜ் எங்க அண்ணன் இல்ல. எங்க வீட்டுக்காரரு.”

அவர் மீசையை மெதுவாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தெரியுமுங்க” என்றார்.

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம பொழுதோட. அக்கா சொல்லிப்போட்டா.”

ஞாயிறு, திங்கள், செவ்வாய். விரல் விட்டேன். ஆறு நாள். ஆறு நாளாக என் கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல் அந்த வசனத்தையெல்லாம் சொல்லியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்கிற மடையன் என்று நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நடிக்க வராதுன்னீங்களே?”

“அன்னைக்கு வராதுங்க. இந்த ஆறு நாளாத்தான் வந்துது.”

“ஏன் ஒண்ணுமே கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. அது போதுமுங்க.” போகத் திரும்பியவர் நின்றார். “அவருகிட்டக் கோவிச்சுக்காதீங்க. வாக்குக் குடுத்துப்போட்டுச் செருப்பப் போட மறந்து நடந்து போனாருங்க. எனக்கு அப்ப வெளங்கலீங்க.”

வசனம் பேசுகிறார்! எனக்கே வசனம் பேசிக் காட்டுகிறார்.

பிப்ரவரி 20, செவ்வாய். மதுரை

இரண்டு நாள் எழுதவில்லை. நாடகம் நடந்தது. நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஆயிரம் பேருக்குக் குறையாது. முதலாளி குடும்பம் முன் வரிசையில். மாஸ்டர் ஒரு இடத்திலும் தவறவில்லை. கடைசிக் காட்சியில் நான் முக்காட்டை விலக்கியதும், “மனோரஞ்சிதம், நீயா!” என்று சொல்ல வேண்டும். சொன்னார். பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மாலையை என் கழுத்தில் போடும்போது விரல் படாமல் போட்டார்.

பிறகு செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். “நம்ம குமாரி மஞ்சரி அவர்களையும், தங்கைக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருந்து காத்துவரும் அவருடைய அருமை அண்ணன் அங்குராஜ் அவர்களையும்” என்று நீட்டி முழக்கினார். இவர் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து, கும்பிட்டபடி மேடைக்கு வந்து அண்ணன் சிரிப்புச் சிரித்தார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன வந்தது என்று தெரியவில்லை. ஒலிபெருக்கியை என் பக்கம் இழுத்தேன்.

“இவரு எங்க அண்ணன் இல்லீங்க. எம் புருசன். கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு.”

உடனே கொட்டகையே இடிந்து விழுவது போல ஒரு சிரிப்பு.

சிரித்தார்கள்! முதலாளியின் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விசில் அடித்தார்கள். நாடகத்தில்தான் வேஷம் கலைந்து பெண்டாட்டி வெளிப்பட்டாளே, இதுவும் அதன் வாலாக ஒரு நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

இவர் முகம் வெளிறிப்போனது. ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஒலிபெருக்கிக்கு அருகே வந்து, கை கூப்பியபடி, “நெசந்தாங்க. இவ எம் பொண்டாட்டி. பேரு பேச்சியம்மா” என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. பேச்சியம்மாள் என்ற பெயருக்கே தனியாக ஒரு கைதட்டல். ஒன்பது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊரறியச் சொன்ன ஒரே உண்மை அது. ஆயிரம் பேர் பல்லைக் காட்டினார்கள். சனங்களைப் பற்றி எனக்கு எப்போதுமே பெரிய மதிப்புக் கிடையாது. இப்போது அதுவும் இல்லை.

பெண்கள் வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார். நாச்சாத்தாள். மாஸ்டர் சிரித்தார். எல்லோரோடும் சேர்ந்து, எல்லோரைப் போலவே, பல் தெரியச் சிரித்தார். நான் பார்த்த நடிப்பிலேயே அதுதான் சிறந்தது.

செயலாளர் பின்னால் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். “கடைசீல போட்டீங்க பாருங்க ஒரு ஜோக்கு! பிரமாதமுங்க! முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ரெண்டு வரி சேத்திருப்பேன்.”

மறுநாள் காலையில் மாஸ்டர் ஆள் மூலம் ஒரு கவர் அனுப்பியிருந்தார். இவர் பெயருக்கு டைம்கீப்பர் வேலை உத்தரவு. மார்ச் ஒன்றாம் தேதி சேர வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் அனுப்பியிருக்கிறார். வாக்குக் கொடுத்தாராம், காப்பாற்றுகிறாராம். இந்த மாதிரி மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. யாரையும் நிம்மதியாக வெறுக்க விடமாட்டார்கள்.

இவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்று நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். என் சாமானை மட்டும். அரைமணியில் திரும்பி வந்தார்.

“திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார்.

“அவரு என்ன சொன்னாரு?”

“காப்பி குடுத்தாரு.”

“நீ குடிச்சே?”

“குடிச்சேன்.”

வெட்கங்கெட்ட ஜன்மம். அவருடைய துணியையும் எடுத்துப் பெட்டியில் திணித்தேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பல்லடம் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், “என்ன சட்டை போட்டிருந்தாரு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“வெள்ள” என்றார்.

தாராபுரம் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, “மொகத்துல அரிதாரத்த இன்னும் கழுவல. காதுக்குப் பின்னால அப்பிடியே இருந்துச்சு” என்றார்.

கேட்காததையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்று நான் அவரைத் திட்டவில்லை.